கிள்ளான்காரிக்கு ரிங்லெட்லேர்ந்து

அடியே கிள்ளான்காரி,

எப்படி இருக்க? உன் வீட்டுக்காரருக்கு சுகர் கொறஞ்சுச்சா, பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டானா, மருமக இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டுதான் இருக்காளா? இங்க கேமரன் மலை ரிங்லெட்ல எல்லாரும் சுகம். மழை விட்ட பாடில்ல. கடை சுமாரா ஓடுது. லெட்டர் போடலன்னு திட்டாத, நீயும்தான் போடல. வாட்ஸப்ல ரோஜாப்பூ படம் போட்டு குட் மோர்னிங் அனுப்புறதெல்லாம் கணக்குல வராது சொல்லிட்டேன்.

போன்ல பேசுனா பின்னாடி நிக்கிறவளுக்குக் காதுல விழும், அதான் ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஒக்காந்து எழுதுறேன். விஷயம் இதுதான். சின்னவ அரசியலுக்குப் போறாளாம். வெளாட்டு இல்ல. ஒரு கட்சிக்காரங்க போன மாசம் கடைக்கே வந்துட்டாங்க, மூணு பேரு, தே தாரே டீ வாங்கிக் குடிச்சிட்டு, காசு குடுத்துட்டுத்தான் போனாங்க அது வேற விஷயம், உங்க பொண்ணு மாதிரி படிச்ச புள்ளைங்க வரணும்மா, லோயரு, மூணு பாஷை பேசுது, அடுத்த சட்டமன்றத்துக்கு பேர் குடுக்கலாம்னு இருக்கோம்னு சொல்றாங்க. எந்த சீட்டுங்கன்னு கேட்டேன். அத மேலிடம் முடிவு பண்ணும்னாங்க. அந்த எடத்துலயே எனக்கு வயித்த கலக்கிருச்சு. இவ என்னடான்னா ஏற்கனவே எல்லாம் தெரிஞ்ச மாதிரி சிரிச்சிக்கிட்டு நிக்கிறா. அவங்க அப்பா இருந்திருந்தா கைதட்டி இருப்பாரு, உனக்குத் தெரியாதா அந்த மனுஷன, தண்ணி டேங்க் மேல ஏறுன கோஷ்டியில முதல் ஆளே அவருதான.

நான் உடனே மனோகரன் கதைய எடுத்தேன். உனக்கு அவர நான் சொல்லவா வேணும், உங்க ஊரு பழைய ஒய்பி, சட்டமன்ற உறுப்பினரா இருந்தவரு. 2007 நவம்பர் 25 ஊர்வலத்துக்கு உன் வீட்டுக்காரர் போய்ட்டு கண்ணீர்ப் புகையில கண்ணு ரெண்டும் செவந்து வந்தாரே, அந்த ஹிண்ட்ராப் சமயம், மலேசிய இந்தியருங்க உரிமைக்குன்னு கெளம்புன இயக்கம். டிசம்பர் 13-ம் தேதி அந்த இயக்கத்துக்காரங்க அஞ்சு பேர ஐஎஸ்ஏ-ல, அந்த விசாரணை இல்லாம உள்ள போடுற சட்டத்துல, புடிச்சாங்க, உதயகுமார், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார், அப்புறம் இவரு. தைப்பிங் பக்கம் கமுந்திங் தடுப்பு முகாம்ல கொண்டுபோய்ப் போட்டாங்க. மூணு மாசம்கூட ஆகல எலெக்சன் வந்துருச்சு, எதிர்க்கட்சி டிஏபி இவர கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத்துக்கு நிறுத்துச்சு. ஆளு உள்ள, போஸ்டர் வெளிய. செராமா பிரசார மேடையில நின்னது அவரு சம்சாரம் புஷ்பநீலா. நீ அப்போ போன் போட்டு, ஏய் அந்தப் பொம்பளைய பாத்துட்டு வந்தேன்டி எனக்கு அழுகையே வந்துருச்சுன்னு சொன்ன பாரு, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் 2008 மார்ச் 8, இந்தியர் கட்சி ம.இ.கா தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்ல விழுந்த ராத்திரி, அவங்க ஆளுங்கூட்டணி பாரிசானுக்கு சிலாங்கூர் பேரா பினாங்கு கெடா எல்லாம் கையவிட்டுப் போன ராத்திரி, இவரு ஜெயில்ல இருந்துக்கிட்டே 7,184 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு! நம்ம ஆளுங்க பட்டாசு வெடிச்சாங்க. ஒரு தொகுதிக்கு சட்டமன்ற உறுப்பினர் இருக்காரு ஆனா அவர பாக்கணும்னா தைப்பிங் பக்கம் போய் மனு போட்டுதான் பாக்கணும். 2009 மே மாசம்தான் வெளிய விட்டாங்க. அதாவது தொகுதிக்காரங்க ஓட்டு போட்டு ஒரு வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு இருந்தாங்க.

சரி, இதச் சொன்னா சின்னவளுக்குக் கண்ணு மின்னுது. நான் பயமுறுத்தணும்னு சொன்னா அவளுக்கு வீரக் கத மாதிரி ஆயிருச்சு. அதனால மிச்சத்தையும் சொன்னேன்.

மிச்சம் எங்க மலைக் கத. 2013-ல அவருக்கு கோத்தா ஆலாம் ஷா இல்ல. அது கணபதிராவுக்குப் போச்சு. இவர கேமரன் மலை நாடாளுமன்றத்துக்கு ஏத்தி விட்டாங்க, எதுத்து நின்னது யாரு, ம.இ.கா தலைவர் பழனிவேலுவே. நம்ம கடைக்குள்ள அந்த ரெண்டு வாரமும் சண்டை, மூக்குத்தி டீச்சர் புருஷன் டிஏபி ராக்கெட், டீச்சர் பாரிசான் தராசு, ரெண்டு பேரும் ஒரே மேசையில ஒக்கார மாட்டாங்க. நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காத, கேட்டாலும் சொல்ல மாட்டேன். எண்ணி முடிச்சப்போ பழனிவேலு 10,506, மனோகரன் 10,044. 462 ஓட்டு! நம்ம லயத்து ஆளுங்க சிங்கப்பூர்ல வேலை பாக்குறவனுங்க பஸ் புடிச்சி வந்திருந்தா அந்த 462 பெரிய விஷயமா? இதுதான் எங்க தலையெழுத்து, ஓட்டு இங்க இருக்கு ஆளு ஜொகூருக்கு அந்தப் பக்கம் இருக்கான். தேயிலை கிள்ளுறதுக்கு இப்போ வங்காளதேசத்துக்காரங்களும் இந்தோனேசியாகாரங்களும்தான், அவங்களுக்கு ஓட்டு ஏது.

வேடிக்கை என்னன்னா அதே ராத்திரி தானா ராத்தா சட்டமன்றத்த டிஏபி புடிச்சிருச்சு. ஒரே மலை, ஒரே நாள், ஒரே கட்சி, கீழ் ஓட்டுல ஜெயிப்பு மேல் ஓட்டுல தோல்வி. எப்படின்னு கேட்டா, கேமரன் மலை நாடாளுமன்றத்துக்குள்ள தானா ராத்தாவும் இருக்கு ஜெலாயும் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியிறது ரிங்லெட்டும் தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும். ஜெலாய் அந்தப் பக்கம் எறக்கத்துல, மலாய்க்காரங்க கம்போங்கும் ஓராங் அஸ்லி பூர்வகுடிங்க குடியிருப்பும், மலாய்க்காரங்க கட்சி அம்னோவோட கோட்டை. மேல கூட்டம் கூட்டமா மாலை போடுறாங்க, பெட்டிய தொறந்தா கீழ இருந்து வந்து கவுத்துருது.

பழனிவேலு மந்திரி ஆனாரு. இயற்கை வளம் சுற்றுச்சூழல்னு இலாகா. அதே வருஷம் அக்டோபர்ல அணைத் தண்ணிய ராத்திரியில தொறந்துவிட்டு பெர்த்தாம் வேலி வீடெல்லாம் சேத்துல முங்கிச்சே, உசுருங்க போச்சே, மறந்திருக்க மாட்ட. சுற்றுச்சூழல் மந்திரி தொகுதியிலயே! நான் அன்னைக்குத்தான் சொன்னேன் ஓட்டு போட்ட கையக் கழுவ தண்ணி தானா வந்துருச்சுன்னு, டீச்சர் ஒரு வாரம் எங்கூட பேசல.

2018 இன்னும் மோசம். நாடே மாறிச்சு, 61 வருஷத்துக்கு அப்புறம் பாரிசான் ஆட்சி போச்சு, ராத்திரி பூரா யாரும் தூங்கல. எங்க மலையில தராசுதான் நின்னுச்சு. ம.இ.கா சிவராஜ் 10,307, மனோகரன் 9,710. வித்தியாசம் 597. சோஷலிசக் கட்சி பிஎஸ்எம் வாங்குன ஓட்டு 680. கணக்கு போட்டுப் பாத்தியா? மறுநாள் கடைக்கு வந்தவன் எல்லாம் அந்த 680-அ சொல்லித்தான் திட்டுனான். எனக்கு அதுல சம்மதம் இல்ல. பிஎஸ்எம் ஆளும் இங்க தொழிலாளிங்களுக்காக அலைஞ்சவருதான், அவருக்கு நிக்க உரிமை இல்லையா, அந்த 680 பேரும் அவரு இல்லன்னா இவருக்குத்தான் போட்டிருப்பான்னு எவன் சத்தியம் பண்ணுவான்?

ஆனா மனோகரன் சும்மா விடல, அத நான் ஒத்துக்கிறேன். கோர்ட்டுக்குப் போனாரு. ஓட்டுக்குப் பணம் குடுத்தாங்கன்னு சாட்சி வந்து, 2018 நவம்பர் 30-ல அந்தத் தேர்தலே செல்லாதுன்னு தீர்ப்பாச்சு. லோயர் மூளை. ஜெயிச்சதுல ஜெயிச்சது அதான் பெருசுன்னு நெனைக்கிறேன், 7,184-அ விடப் பெருசு. சின்னவகிட்ட இந்த எடத்துல கொஞ்சம் பெருமையாவே சொல்லிட்டேன் போல, அவ அத புடிச்சிக்கிட்டா.

அப்புறம் 2019 ஜனவரி 26 இடைத்தேர்தல். எங்க ஊரு ரோட்டுல அப்படி ஒரு காடி கூட்டத்த அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, மந்திரி போறாரு மந்திரி வர்றாரு, ஸ்ட்ராபெரி விக்கிறவனுக்குதான் லாபம். இந்த தடவ ஆளுங்கட்சி வேட்பாளர் மனோகரன், அதனால ஜெயிச்சிருவாருன்னு எல்லாரும் நெனச்சோம். பாரிசான் என்ன பண்ணுச்சு, ம.இ.கா சீட்ட வாங்கி ராம்லிய நிறுத்துச்சு, ரிட்டையர் ஆன போலீஸ் அதிகாரி, ஓராங் அஸ்லி. முடிஞ்சது. ராம்லி 12,038, இவரு 8,800. ஓட்டுல ஜெயிச்சி நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஓராங் அஸ்லி அவருதான். நம்ம ஆளுங்க சில பேரு அன்னைக்கு அசிங்கமா பேசுனாங்கடி, அவங்களுக்கு என்ன தெரியும்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. நம்மள அப்படித்தான பேசுனாங்க தோட்டத்துல, கையெழுத்து போடத் தெரியாத கூட்டம்னு. அவங்க ஆள அவங்க அனுப்புறாங்க, நம்ம ஊர்வலம் போனது மட்டும் என்னத்துக்கு? 2022-ல டிஏபி வேற ஆள நிறுத்திப் பாத்துச்சு, ராம்லி மறுபடியும் ஜெயிச்சாரு.

ஆக மூணு தடவ. உங்க ஊரு ஜெயில்லேர்ந்து தூக்கிவிட்ட மனுஷன எங்க ஊரு வெளிய இருக்கும்போதே மூணு தடவ கவுத்துருச்சு. இதுல உனக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், வச்சுக்கோ.

இத எல்லாம் சொல்லி முடிச்சா சின்னவ ஒரே வார்த்தையில மடக்குறா. கணபதிராவ் என்னாச்சும்மா? அவரும் லோயர், அவரும் அதே ஐஎஸ்ஏ, அதே கமுந்திங். 2013-ல கோத்தா ஆலாம் ஷா, சிலாங்கூர்ல ஆட்சிக்குழு, 2018-ல கோத்தா கெமுனிங், 2022-ல கிள்ளான் நாடாளுமன்றம். ஒரு தோல்வி சொல்லு பாப்போம்ங்கிறா. நான் சொன்னேன், அதத்தான்டி நானும் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே கதவு வழியா உள்ள போய் வெளிய வந்தவங்க. ஒருத்தர் கையில கிள்ளான் பக்கம் சீட்டு, இன்னொருத்தர் கையில இந்த மலை. கிள்ளான்ல சீனவங்களும் நம்மளும் சேந்தா போதும். இங்க இடைத்தேர்தல் சமயம் ஓட்டுப் பட்டியல்ல 32 ஆயிரம் பேரு, அதுல நம்ம ஆளுங்க நூத்துக்கு 15. சீனவங்களும் மலாய்க்காரங்களும் ஆளுக்கு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, மிச்சம் அஸ்லிக்காரங்க. ஆளு எவ்வளவு ஒழச்சாலும் நெலம் யாரு குடுக்குறாங்கன்னுதான் இருக்கு. பூமி சரியில்லன்னா வெத என்ன பண்ணும்? மனோகரன் கெட்டவரா, சோம்பேறியா? 462, 597, இதெல்லாம் ஒழைக்காதவன் வாங்குற ஓட்டா?

அதான் என் பயம்டி. தோக்குறது இல்ல. தோத்தா அவ தாங்குவா, ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துல கடைசியா வந்துட்டு கப்பு வாங்குனவ மாதிரி சிரிச்சிக்கிட்டு வந்தவ அவ. நம்ம புள்ளைங்கள எங்க நிறுத்துறதுன்னு எங்கயோ ஒரு ரூம்ல யாரோ முடிவு பண்ணுறாங்க, நல்ல சீட்டு யாருக்கோ போகுது, ஒரு இந்திய முகம் வேணும்னு ஜெயிக்க முடியாத எடத்துல இவள நிறுத்தி போட்டோ எடுத்துட்டு, அப்புறம் டெபாசிட்டு 5,000 வெள்ளி, காடி எண்ணெய், பேனரு, அவ லோன் எடுத்துருவா, அந்த மேலிடம் மறுநாளு இவ போனே எடுக்காது. கேஸ் வேலைய விட்டுட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு எவனோ சாக்கடை அடைச்சிருச்சுன்னு கூப்புடுவான், தோத்தாலும் கூப்புடுவான் பாத்துக்கோ. இதுல இன்னொரு கூத்து, போன தடவ ஒருத்தன ஒருத்தன் கடிச்சிக்கிட்டவனுங்க இப்போ பகாங்ல ஒண்ணா ஆட்சி நடத்துறானுங்க. யாரு யாரோட சேருவான், யாரு சீட்ட யாருக்கு விட்டுக் குடுப்பான்னு எவனுக்குத் தெரியும்? 2013-ல மனோகரனுக்குத் தெரிஞ்சிருக்குமா 2019-ல எதிர்ல ஒரு போலீஸ்காரர் வருவாருன்னு?

ஆனா வேணாம்னு என்னால சொல்ல முடியல. அதான் உண்மை. அந்த மூணு பேரும் போனதுக்கப்புறம் அவ பழைய தீர்ப்பையெல்லாம் எடுத்து வச்சிக்கிட்டு அந்தத் தேர்தல் வழக்க படிக்கிறா, ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டு எரியுது, கோடு போட்டுப் படிக்கிறா. அவ அப்படி ஆர்வமா படிச்சி நான் பாத்து ரொம்ப நாளாச்சு. அதப் பாத்துட்டு எப்படிடி வேணாம்னு சொல்லுவ?

இப்போ உனக்கு ஒரு வேலை. அடுத்த மாசம் ஷா ஆலாம் கோர்ட்ல அவளுக்கு ஒரு கேஸ், ரெண்டு நாள் உங்க வீட்ல தங்குறேன்னு சொல்லிருக்கா. புஷ்பநீலா அம்மா வீடு வீடா ஏறி எறங்குனத நீ பாத்தத மொத்தமா சொல்லு, அழகா மட்டும் சொல்லாத, அந்த அம்மா மொகத்துல இருந்த களைப்பையும் சொல்லு. உன் வீட்டுக்காரர பக்கத்துல விடாத, அவரு கண்ணீர்ப் புகை கதைய ஆரம்பிச்சா இவ அங்கேயே மெம்பர் ஃபாரம் நெரப்பிருவா. எந்த சீட்டுன்னு எழுத்துல வாங்காம சரின்னு சொல்லாதன்னு நீ சொல்லு. நான் சொன்னா அம்மா பயந்தாங்கொள்ளி. நீ சொன்னா கேப்பா, கிள்ளான் பெரியம்மா.

நான் எழுதுனேன்னு சொல்லித் தொலைக்காத. அவகிட்ட தேயிலைத் தூள் ரெண்டு பாக்கெட் குடுத்து விடுறேன், ஒண்ணு உனக்கு ஒண்ணு உன் சம்பந்திக்கு, மாத்திக் குடுத்துடாத, நல்லது உனக்குத்தான். வரும்போது அந்த இறால் வத்தல் அனுப்பு, இங்க கெடைக்கிறதுல பாதி மண்ணு.

உன்
ரிங்லெட்காரி