ஆற்றைச் சோதிக்கும் ஆய்வகக் கழிவு ஆற்றுக்கே போகலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணி நீரின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகள் நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் தொடர்ந்து நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். ஆனால் சோதனை முடிந்ததும் குடுவையில் மிஞ்சுவது எங்கே போகிறது? கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' குழுவுக்காக எடுக்கும் பசுமைத் தணிக்கையில் மரங்களையும் எல்.இ.டி. விளக்குகளையும் எண்ணுகிறோம். ஆய்வக சிங்க் குழாய் எந்தச் சாக்கடையில் முடிகிறது என்பதையும் அதே தணிக்கையில் எழுத வேண்டும்.

நீரிலுள்ள கரிம மாசை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் சி.ஓ.டி. சோதனையையே பாருங்கள். வழக்கமான முறையில் 20 மி.லி. மாதிரி நீரில் 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட் (பாதரச உப்பு), 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட், சில்வர் சல்பேட் கலந்த கந்தக அமிலம் 30 மி.லி. சேர்த்து 2 மணி நேரம் கொதிக்கவிடுகிறோம். அந்த 0.4 கிராமில் பாதரசம் மட்டும் 0.27 கிராம். குடிநீரில் பாதரசத்துக்கு ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.001 மி.கி. அப்படியானால் ஒரே ஒரு மாதிரியின் கழிவு 2,70,000 லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த வரம்பு வரை மாசாக்கப் போதும். குழாயைத் திறந்துவிட்டு ஊற்றினால் நீர்த்துப்போகும் என்று சொல்வது வீண் சமாதானம். பாதரசம் சிதையாது, வண்டலில் தங்கும், மீனில் ஏறும்.

இத்தனைக்கும் ஆற்று நீருக்கு அந்த 0.4 கிராம் தேவையே இல்லை. குளோரைடு குறுக்கிடாமல் இருக்கத்தான் மெர்குரிக் சல்பேட் சேர்க்கிறோம். குளோரைடின் எடையைப் போல் பத்து மடங்கு இருந்தால் போதும். 0.4 கிராம் என்பது லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு உள்ள நீருக்கான அளவு. லிட்டருக்கு 100 மி.கி. உள்ள நீருக்கு 0.02 கிராம் போதும். முதலில் ஒரு சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்து குளோரைடைக் கண்டுகொண்டு, பிறகு அதற்கேற்ப மெர்குரிக் சல்பேட்டை எடை போடலாம். கடலோரத்து உவர்க் கிணற்று நீர் என்றால் சங்கதி வேறு; அதற்கு முழு அளவும் வேண்டியிருக்கும்.

இன்னும் நல்லது மூடிய குழாய் முறை. 2.5 மி.லி. மாதிரி, 1.5 மி.லி. டைகுரோமேட் கரைசல், 3.5 மி.லி. அமிலம், 150 டிகிரியில் 2 மணி நேரம். மெர்குரிக் சல்பேட் 0.05 கிராம்தான் செலவாகும், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குத் தண்ணீரும் வேண்டாம். இதில் இரண்டு இடங்களில் தவறு நேரும். மாதிரி குறைவு என்பதால் கலங்கல் நீரை மிக்சியில் அடித்துச் சீராக்காமல் எடுத்தால் முடிவு குழாய்க்குக் குழாய் மாறும். மூடியின் உட்புறம் டெஃப்ளான் இல்லையென்றால் அமிலம் கசியும்.

அடுத்தது சாக்ஸ்லெட், அதாவது கரைப்பானைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்கும் கண்ணாடிக் கருவி. மூலிகைச் சாறு எடுக்கும் தாவரவியல் துறைகளில் இது நாள் முழுக்க ஓடும். அதன் கண்டென்சரைக் குளிர்விக்க நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றாலும் 8 மணி நேரத்தில் 480 லிட்டர் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. 200 லிட்டர் டிரம்மும் ஏர் கூலர் பம்ப்பும் வைத்து அதே நீரைச் சுழற்றலாம். குடுவையைச் சூடாக்கும் 300 வாட் மேண்டிலின் சூடு முழுவதும் நீரில் இறங்கினாலும் 8 மணி நேரத்தில் 10 டிகிரிதான் ஏறும். ஆனால் சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டி நீரே சுடும். அப்போது எளிதில் ஆவியாகும் கரைப்பானான பெட்ரோலியம் ஈதர் கண்டென்சரைத் தாண்டி ஆவியாகப் போய்விடும். 10 கிலோ ஐஸ் போட்டால் ஏற்றம் பாதியாகும். கூலர் பம்ப் உயரத்துக்குத் தண்ணீர் தள்ளாது என்பதால் டிரம்மைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் ஏற்றுங்கள். மிக முக்கியமாக, மேண்டிலும் பம்ப்பும் ஒரே மின் இணைப்பில் இருக்க வேண்டும். மேண்டில் ஜெனரேட்டர் லைனிலும் பம்ப் சாதா லைனிலும் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் பம்ப் நின்று மேண்டில் மட்டும் கொதிக்கும்; தீப்பிடிக்க அதுவே போதும்.

மின்சாரத்தையும் மிச்சப்படுத்தலாம். மாதிரிகளை உறையவைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை மைனஸ் 70-இல் வைத்தால் மின்செலவு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் அதன் ஃபில்டரில் புழுதி அடையும். மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

சி.ஓ.டி. கழிவைக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் முக்கால் அளவுக்கு மட்டும் சேர்த்து, தேதியும் பொருளும் எழுதி, தட்டின் மேல் வைக்க வேண்டும். தகர டின் கூடாது, அமிலம் அரித்துவிடும். அசிட்டோன், ஆல்கஹால் எதையும் அதில் ஊற்றவே கூடாது. டைகுரோமேட்டோடு சேர்ந்தால் கொதித்தெழும். குளோரோஃபார்ம் போன்ற குளோரின் கரைப்பான்களுக்குத் தனிக் கேன் வேண்டும்.

சேர்த்ததை அனுப்புவதில்தான் சிக்கல். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள்படி 90 நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உருவாக்குவோருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். ஒரு துறையில் சேரும் சில கேன்களுக்காகத் தனியாக லாரி பிடிக்க எந்தக் கல்லூரிக்கும் கட்டாது. எனவே கல்லூரிகள் ஒவ்வொன்றும் வாரியத்தின் அனுமதியையும் இந்த நீட்டிப்பையும் பெற்று, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நாள் குறித்து, அங்கீகாரம் பெற்ற ஒரே வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கல்லூரிகளிலும் கேன்களை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். செலவைக் கேன் கணக்கில் பகிர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை