எதன் வயது என்பதையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அகழாய்வுச் செய்திகளுக்குத் தங்கள் நாளிதழ் தாராளமாக இடம் தருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அண்மையில் அப்படியொரு செய்தியைப் படித்த பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி, "பானை களிமண்தானே தாத்தா, அதில் ஏது கார்பன்? பிறகு எப்படி வயதைக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான விடை செய்தியில் எங்கும் இல்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

கீழடியையே எடுத்துக்கொள்கிறேன். 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே எடுக்கப்பட்ட ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன, 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205 என்றும் காலம் கிடைத்தது. அளக்கப்பட்டது பானையோ எழுத்துப் பொறித்த ஓடோ அல்ல. அவை கிடந்த மண்ணடுக்கில் இருந்த கரிமப் பொருளின் வயதே, அதே அடுக்கில் கிடந்த காரணத்தால், அவற்றுக்கும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே, பிற்காலத்தில் யாரேனும் குழி தோண்டியோ எலி வளை பறித்தோ தென்னை வேர் ஊடுருவியோ அந்த அடுக்கு கலைந்திருக்கிறதா என்று அகழாய்வுக் குழியின் பக்கச் சுவரை ஓரங்குலம் விடாமல் பார்த்துப் பதிவுசெய்பவரின் உழைப்பு, ஆய்வகத்துக் கருவிக்குச் சற்றும் குறைந்ததன்று. செய்திகளில் அந்த உழைப்பு பேசப்படுவதே இல்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

கரிமப் பொருளின் வயதை அளக்கும் இந்தக் கார்பன்-14 முறை, அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி 1949இல் நிறுவிக்காட்டி, 1960இல் நோபல் பரிசு பெற்றது. உயிரோடு இருக்கும்வரை மரமும் பயிரும் காற்றிலிருந்து, தானே மெல்லச் சிதையும் கார்பன் வகையான கார்பன்-14இன் அணுக்களை ஏற்றுக்கொண்டே இருக்கின்றன. உயிர் நின்றபின் வரவு நின்று, இருப்பு மட்டும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவருகிறது. இதில் நுட்பமான ஓர் இடம் உண்டு. முதிர்ந்த மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி எரிந்த கரியானால், கிடைப்பது அந்தப் பகுதியின் மர வளையம் வளர்ந்த காலமே தவிர அடுப்பெரிந்த காலம் அல்ல; இரண்டுக்கும் இடையே நூறாண்டுகள்கூட இருக்கலாம். பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வந்த முடிவை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், நெல் ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாகும் பயிர் என்பதே.

காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இருந்ததில்லை என்பதால், ஆய்வக அளவை, ஆண்டு தெரிந்த மர வளையங்களின் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் அந்தத் திருத்தத்துக்காக வரைபடத்தில் வரையும் கோடு பெரும்பாலும் தட்டையாக ஓடுகிறது. அதாவது, இரண்டு மூன்று நூற்றாண்டு இடைவெளியுள்ள பொருள்கள்கூடக் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டக்கூடும். நம் சங்ககாலத் தொடக்கத்தைப் பற்றிய விவாதத்தின் பெரும்பகுதி இந்த நானூறு ஆண்டுகளைச் சுற்றியே நடக்கிறது! அப்படியிருக்க, ஒற்றை ஆண்டைத் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டு, "இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள்" என்ற வரம்பை விட்டுவிடுவது வாசகரைத் தவறான உறுதிக்குத் தள்ளுகிறது.

மாணவியின் கேள்விக்கு மற்றொரு விடையும் உண்டு. கடைசியாகச் சூளையில் சுடப்பட்ட நாளிலிருந்து பானை ஓட்டிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சேர்த்துவைத்த ஆற்றலை ஒளிபாய்ச்சி வெளிக்கொணர்ந்து அளக்கும் முறையில், ஓட்டையே நேரடியாகச் சோதிக்கலாம். இரும்பின் தொன்மை குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில் கரியும் ஓடும் வெவ்வேறு முறைகளில், மயாமி ஆய்வகத்தோடு லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஆகியவற்றிலும் சோதிக்கப்பட்டிருந்தன. அந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. அந்த அறிக்கையிலிருந்த கி.மு. 3345 என்ற எண் பரவிய அளவுக்கு இந்த விவரம் பரவவில்லை.

இனிவரும் அகழாய்வுச் செய்திகளோடு நான்கைந்து வரிகளில் ஒரு பெட்டிச் செய்தி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: சோதிக்கப்பட்ட பொருள் கரியா, நெல்லா, ஓடா, எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது, எந்த ஆய்வகம், எந்த முறை, கிடைத்த கால வரம்பு எவ்வளவு. பின்னாளில் புதிய சோதனையால் அந்த வரம்பு மாறினால், அதையும் முதற்செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மானாமதுரை.