வடிதாளில் வந்த மரபணு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். சோதனைத் தட்டில் பச்சை வளையம் தெரிந்துவிட்டது. பூஞ்சையின் மரபணுவை ஏற்றிய நம் ஈஸ்ட், லாக்கேஸ் என்ற பூஞ்சை நொதியை மறுபடியும் சுரக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த ஈஸ்டையும், மரபணுவைச் சுமக்கும் வளைய டிஎன்ஏவான பிளாஸ்மிட்டையும் நாங்கள் எப்படி இழந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உறைபெட்டியில் இடம் ஒதுக்கித் தந்த பக்கத்து ஆய்வகத்தார், மரபணு ஏற்றாத வெற்று ஈஸ்ட் வகையை உடனே கொடுத்தவர்கள், செல்லுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தும் மின்துடிப்புக் கருவியை இரவிலும் திறந்துவிட்டவர்கள், விடுமுறை நாளிலும் குடுவைகளுக்கு மெத்தனால் ஊற்றிய தம்பி தங்கைகள், எங்களை அவசரப்படுத்தாத நெறியாளர்: உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிளாஸ்மிட்டைக் கேட்டு வாங்கியவர். செய்தி காதில் விழுந்ததும், நாங்கள் வாய் திறக்கும் முன்பே ஓர் உறை அனுப்பினார். உள்ளே சின்ன வடிதாள் துண்டு. அதில் பென்சிலால் போட்ட வட்டம். மை என்றால் ஊறும்போது கலங்கிவிடும், அதையும் யோசித்திருக்கிறார். வட்டத்துக்குள் அந்தப் பிளாஸ்மிட்டின் சில மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, காய்ந்து, கண்ணுக்கே தெரியாமல். வெட்டி எடுத்து பஃபர் கரைசலில் ஊறவைத்து, அந்த நீரை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினோம். மறுநாள் தட்டில் பிளாஸ்மிட்டை ஏற்ற காலனிகள்.

அந்தத் துண்டு வராமல் போயிருந்தால் எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். பூஞ்சையை வளர்த்து, அது லாக்கேஸ் சுரக்கும் பருவம் பார்த்து ஆர்என்ஏ பிரித்து, அதிலிருந்து அதன் டிஎன்ஏ நகலான சிடிஎன்ஏ செய்ய வேண்டும். மரபணுவை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அதன் நடுவே வரும், புரதத்துக்குத் தேவையில்லாத துண்டுகளான இன்ட்ரான்களை ஈஸ்ட் சரியாக வெட்டி நீக்கும் என்று நம்ப முடியாது. பிறகு நொதியைச் செல்லுக்கு வெளியே அனுப்பவைக்கும் பூஞ்சையின் சொந்தச் சுரப்புக் குறியை எடுத்துவிட்டு, ஈஸ்டின் ஆல்ஃபா காரணிக் குறியோடு ஓர் எழுத்தும் பிசகாமல் இணைத்து, மெத்தனால் கண்டால் விழித்து மரபணுவை இயக்கும் ஏஓஎக்ஸ்1 புரோமோட்டர் என்ற டிஎன்ஏ பகுதிக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். எல்லாம் மாதக்கணக்கு வேலை.

உறையில் கூடவே, கைப்பட எழுதிய ஒரு பக்கமும் இருந்தது. அதைப் படித்தபோதுதான் அழுதுவிட்டேன். மெத்தனால் ஊட்டும்போது 30 டிகிரியில் வைக்காமல் 20-க்கு இறக்கச் சொல்லியிருந்தார். ஈஸ்ட் வளர வளர ஊடகம் புளித்து நொதி செயலிழக்கும், அதற்கு அலனைன் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். லாக்கேஸ் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு தாமிர அணு வேண்டும், ஊடகத்தில் தாமிரம் விட்டுப்போகக் கூடாது என்றும் எழுதியிருந்தார். டிஎன்ஏவை வெட்டும் நொதியான சால்-1 வெட்டும் இடம் மரபணுவுக்குள்ளேயே இருப்பதால், பிளாஸ்மிட் வளையத்தை வெட்டி நேராக்க இன்னொரு வெட்டு நொதியான சாக்-1 போடும்படி அடிக்கோடிட்டிருந்தார். கீழே, தமக்குச் சரிவராத முயற்சிகள் ஒவ்வொன்றும், ஏன் சரிவரவில்லை என்ற ஊகத்தோடு.

ஆய்வுக் கட்டுரையில் இந்த மாதிரிப் பக்கத்துக்கு இடமே கிடையாது. அவரும் இதே நொதியில்தான் வேலை செய்கிறார். நாங்கள் பின்தங்கினால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கணக்கு அவர் மனதில் எழவே இல்லை என்று அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பல வருட உழைப்பில் தெரிந்துகொண்டதை, கேட்காதவருக்கு, ஒரே தாளில் கொடுத்துவிட்டார்.

இனி எங்களிடம் பிளாஸ்மிட்டோ ஈஸ்டோ யார் கேட்டாலும், முன்பின் அறியாத முதலாண்டு மாணவராக இருந்தாலும், அனுப்புவோம். கூடவே அப்படி ஒரு பக்கமும் போகும், சரிவராதவை உட்பட.

வடிதாள் அனுப்பிய அக்கா, முதல் உறை உங்களுக்குத்தான். ஜெனிடிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அதிகமுள்ள தட்டிலும் தாங்கி நின்ற காலனிகளை, மரபணுப் படிகள் கூடுதலாக இருக்கும் என்று நம்பி, தனியே எடுத்து வளர்க்கிறோம். அவற்றில் நன்றாகச் சுரப்பது எது என்று தெரிந்ததும் அனுப்பிவைக்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நன்றியுடன்,
உங்கள் தங்கை