விடுமுறைக்கு முந்தைய வாரமும் பாட வாரம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை நெருங்கிவிட்டால் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியவில்லை என்ற புலம்பல் எங்கள் ஆசிரியர் அறைக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வாரத்தில் வகுப்பு கலைந்துபோவதற்குப் பாதிக் காரணம் பெரியவர்களாகிய நாங்கள்தான்.

நடப்பது இதுதான். தேர்வு முடிந்ததும் பாடவேளை அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை. விழா ஒத்திகைக்கென்று ஒருவர் வந்து நான்கு பேரைக் கூட்டிப்போவார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து வேறு சிலரைக் கேட்பார். மிச்சமிருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு படம் ஓடும், இல்லையென்றால் "சத்தம் போடாம உக்காருங்க" என்ற உத்தரவு. வேலை எதுவும் கொடுக்காமல் சும்மா உட்காரச் சொன்னால் பெரியவர்களே உட்காரமாட்டோம். எங்கள் ஆசிரியர் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படமெடுத்து ஆராய்ந்து 1970இல் சொன்ன விஷயம் இங்கே பொருந்தும். குறும்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியருக்கும் திணறும் ஆசிரியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். பாடம் தடைபடாமல் நகர்வதிலும், சின்ன சலசலப்பை ஆரம்பத்திலேயே கவனித்துவிடுவதிலும்தான் வித்தியாசம். விடுமுறை வாரத்தில் நாங்கள் முதலில் கைவிடுவது இந்த இரண்டையும்தான்.

அப்புறம் மிரட்டல். "இப்படியே பண்ணினா விழாவுல சேர்க்கமாட்டேன்", "லீவுக்கு டபுள் வீட்டுப்பாடம்." முதலாவதை யாரும் நிறைவேற்றுவதில்லை, அது பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டாவது இன்னும் மோசம். படிப்பே ஒரு தண்டனை என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அதட்டுவதைவிட, பக்கத்தில் போய் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொல்வது பலன் தரும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் ஓலியரி குழுவினரின் ஆய்வும் அதே 1970இல் இதைத்தான் காட்டியது. குரலை உயர்த்தினால் வேடிக்கை பார்க்க ஆள் சேரும், சேட்டை கூடும்.

அதற்காக, முகத்தை இறுக்கிக்கொண்டு இலக்கணம் நடத்தச் சொல்லவில்லை. வருகைப் பதிவு, முதல் பத்து நிமிட எழுத்து வேலை, மணி அடித்ததும் வரிசை ஆகியவை மாறாமல் இருக்கட்டும். நடுவில் இருக்கும் பாடத்தைக் குழு வேலையாகவோ விநாடி வினாவாகவோ மாற்றிக்கொள்ளலாம். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு புள்ளி வைக்கும் விளையாட்டு 1969இலேயே ஒரு நான்காம் வகுப்பில் சோதிக்கப்பட்டு நன்றாக வேலை செய்திருக்கிறது. புள்ளிகள் குறைவாக இருந்தால் இரண்டு அணியும் ஜெயிக்கலாம். பரிசு கொஞ்சம் ஓய்வு நேரம் போன்ற சின்னச் சலுகைகள்தான். ஒரே பிள்ளையால் அணி தோற்றுக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் அவனை ஒதுக்கிவிடுவார்கள். அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் விடுமுறை கொண்டாட்டம் அல்ல. வீட்டில் சண்டை, பிரிவு, சமீபத்திய சாவு என்று இருக்கும் பிள்ளை அந்த வாரம் திடீரென முரண்டு பிடிக்கும். "லீவுக்கு எங்கே போறே?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்பதை நிறுத்தலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கோ நேர அட்டவணை குலைவதே பெரிய துன்பம்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒத்திகைகளைக் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளுங்கள். யார் யார், எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். பாடத்தின் நடுவில் கதவைத் தட்டி ஆள் கேட்க யாரையும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்