பதக்கத்தின் விளிம்பைப் பார்க்கச் சொன்ன ஐயாவுக்கு

ஆவணக் காப்பக வாசிப்பறையில் பக்கத்து மேசையில் இருந்த ஐயா, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அதனால் இங்கே நன்றி சொல்கிறேன்.

கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய்த் திரும்பவில்லை. குண்டடி பட்டு இறந்தார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். எங்களிடம் இருந்தது ஒரு வெண்கல நினைவு வட்டும் ஒரு வெள்ளிப் பதக்கமும். வட்டில் வெறும் பெயர்தான். பதவியோ படைப்பிரிவோ கிடையாது. அதை வைத்தே இரண்டு வருடம் தேடினேன்.

"பதக்கத்தின் விளிம்பைப் பார்த்தீர்களா?" என்றீர்கள். வீட்டுக்குப் போய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படை எண், மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவைக் குறிக்கும் எழுத்துகள், எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன! நூறு வருடமாக அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

பெயரை விட்டுவிட்டு எண்ணை வைத்து, நீங்கள் சொன்னபடி காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தேடினேன். அவர் பெயரை வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். இறந்த தேதி 1916இல். கல்லறை இல்லை, பாஸ்ரா நினைவகம் என்று இருந்தது; கல்லறை தெரியாதவர்களுக்கான நினைவகம் அது.

அப்புறம் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 என்ற ஆவண வரிசையில் அவருடைய கம்பெனியின் போர் நாட்குறிப்பு, அதாவது படைப்பிரிவு அன்றாடம் எழுதிய பதிவு, கிடைத்தது. சிப்பாய்களின் பெயரை அதில் பெரும்பாலும் எழுதமாட்டார்கள், தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றீர்களே, அதுதான் கைகொடுத்தது. அன்று சண்டையே இல்லை. காலராவில் ஒருவர் இறந்தார் என்று ஒற்றை வரி.

அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தேதியைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார். இந்த வருடம் முதல் முறையாகக் கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி கொடுத்தோம், ஐயா.