பர்ரோவுக்கு முன்னால் யார், பின்னால் யார்? சின்சினாட்டி பெங்கால்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திரு. மைக் பிரவுன், திருமதி கேட்டி பிளாக்பர்ன், திரு. டியூக் டோபின், தலைமைப் பயிற்சியாளர் திரு. ஜாக் டெய்லர் ஆகியோருக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 14 மதியம் பேகார் மைதானத்தின் மேல் அடுக்கில் என் மகளோடு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுடன் நம் பெங்கால்ஸ் அணியின் ஆட்டம். இரண்டாவது கால் பகுதியில் நம் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பர்ரோ கீழே சாய்ந்தார், நொண்டிக்கொண்டே வெளியே போனார். அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போவதை அன்றுதான் பார்த்தேன். "அப்பா, மறுபடியுமா?" என்று மகள் கேட்டாள். அந்த 'மறுபடியுமா' என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடல். தமிழில் எழுதுகிறேன். மனதில் இருப்பது எனக்கு அப்படித்தான் முழுசாக வரும்.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். 2020 நவம்பர் 22, வாஷிங்டன்: புது ஆட்டக்காரராக பர்ரோ ஆடிய பத்தாவது ஆட்டம். முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அதற்குள் 32 முறை அவர் பந்தோடு வீழ்த்தப்பட்டிருந்தார். 2023 நவம்பர் 16, பால்டிமோர்: வலது மணிக்கட்டு, சீசன் முடிந்தது. 2025 செப்டம்பர் 14: கால் பெருவிரல், அறுவை சிகிச்சை, ஒன்பது ஆட்டங்கள் போயின. ஆறு சீசன்களில் மூன்று இப்படிக் கழிந்திருக்கின்றன. இனியும் இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் போடும்போது இதற்கென்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டிய செலவாகவே ஆகிவிட்டது.

அந்த ஒன்பது ஆட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பர்ரோ விழுந்த அன்று மாற்று குவார்ட்டர்பேக் ஜேக் பிரவுனிங் வந்து 31-27 என்று ஜெயித்துக் கொடுத்தார். அணிக்கு அதுவரை இரண்டு ஆட்டம், இரண்டு வெற்றி. அப்புறம் மினசோட்டாவில் 48-10, டென்வரில் 28-3, டெட்ராய்ட்டுடன் 37-24, மூன்றும் தோல்வி. அக்டோபர் 7 செவ்வாய்க்கிழமை கிளீவ்லாந்திலிருந்து குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவை வாங்கினீர்கள். 40 வயது மனிதர், ஐந்தே நாளில் புது ஆட்டத் திட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிரீன் பேயில் இறங்கினார். பிட்ஸ்பர்கை 33-31 என்று ஜெயித்தார். சிகாகோவுக்கு எதிராக 42 புள்ளிகள் வந்தும் தோற்றோம். (தற்காப்பைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும்.) ஃபிளாக்கோ மீது எனக்கு மரியாதை மட்டும்தான். ஆனால் அவரைத் தேடும் வேலை அக்டோபரில் நடந்தது. மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய வேலை அது. வெற்றி-தோல்விக் கணக்கு பர்ரோ போனபோது 2-0, அவர் திரும்பி வந்த நவம்பர் 27 அன்று 3-8. அந்தச் சீசன் 6-11 என்று முடிந்தது, மூன்றாவது வருடமாக பிளேஆஃப் (சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட் சுற்று) இல்லை.

இதில் பிரவுனிங்கைக் குற்றம் சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதே மனிதர்தான் 2023 டிசம்பர் 4 திங்கள் இரவு ஜாக்சன்வில் போய், 37 பாஸில் 32 சேர்த்து, 354 யார்டு எடுத்து, கூடுதல் நேரத்தில் 34-31 என்று ஜெயித்தவர். அந்த வருடம் ஏழு ஆட்டங்களைத் தொடங்கி நான்கை வென்றார். எந்த அணியும் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்காத ஆட்டக்காரர். உங்கள் பயிற்சிக் குழுவில் உட்கார்ந்து புத்தகத்தை மனப்பாடம் செய்து மேலே வந்தவர். இரண்டு வருடத்தில் அவருக்கு ஆட்டம் மறந்துபோயிருக்காது. 2025-இல் அவருக்கு முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர் லைனில், நடுவில் நிற்கும் சென்டருக்கு இருபுறமும் நின்ற கார்டுகள் இருவரும் புதியவர்கள். இடது கார்டு டிலன் ஃபேர்சைல்டு முதல் வருடப் பையன். வலது கார்டு லூகஸ் பேட்ரிக் முதல் ஆட்டத்திலேயே கெண்டைக்கால் காயத்தோடு போய்விட்டார், அந்த இடத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இப்படி ஒரு லைனோடு மினசோட்டாவில் பிரையன் ஃபுளோரஸின் தற்காப்பு முன்னால் போய் நின்றால், எந்தப் பக்கமிருந்து ஆள் பாய்வான் என்று அனுபவம் உள்ள குவார்ட்டர்பேக்கே திணறுவார்.

நான் சொல்ல வந்தது இதுதான். பேக்கப் குவார்ட்டர்பேக் ஒரு பிரச்சினை, லைனில் மாற்று ஆட்கள் வேறொரு பிரச்சினை என்று நீங்கள் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒன்றுதான். பர்ரோ பந்தை வாங்குமுன்பே எதிராளியின் கண்ணைப் படித்துவிடுவார். லைனில் ஓட்டை விழுந்தாலும் அரை நொடியில் சமாளிப்பார். 2022 ஜனவரியில் டென்னசியில் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டும் 19-16 என்று ஜெயித்தார், நினைவிருக்கும். அந்தத் திறமையே லைனின் ஓட்டையை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. இரண்டாவது ஆளுக்கு அந்த அரை நொடி கிடையாது. அவருக்கு லைன்தான் நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பர்ரோ பந்தை அதிக நேரம் கையில் வைத்திருப்பார், சில அடிகள் அவரே வாங்கிக்கொள்பவை என்பதும் உண்மை. ஆனால் 2021 வழக்கமான சீசனில் 51, பிளேஆஃபில் 19, ஆக மொத்தம் 70 முறை அவர் வீழ்த்தப்பட்டார். இந்த எண்ணிக்கைக்கு அவர் பழக்கம் மட்டும் காரணமாக முடியாது.

அந்த வருட இறுதிப்போட்டியை நான் இன்னும் முழுசாகத் திரும்பப் பார்த்ததில்லை. ஏழு சாக், அதாவது ஏழு முறை பர்ரோ பந்தோடு வீழ்த்தப்பட்டார். கடைசியில், நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசி) ஒரு யார்டு தேவைப்பட்டபோது, எதிரணியின் ஆரன் டொனால்ட் உள்ளே புகுந்து பர்ரோவைச் சுழற்றிவிட்டார், பந்து தரையில் விழுந்தது. எனக்கு அதைவிட அதிகம் வலித்தது எதிர் அணியின் இடது டேக்கிளில் (லைனின் ஓர இடம்) நின்றவரைப் பார்த்தபோது. ஆண்ட்ரூ விட்வொர்த். 2006 டிராஃப்டில் இரண்டாவது சுற்றில் நீங்கள் எடுத்தவர், பதினோரு சீசன் சின்சினாட்டியில் நின்றவர். 2017-இல் அவரையும் கார்டு கெவின் ஸைட்லரையும் ஒரே நேரத்தில் போக விட்டீர்கள். 2015-இல் முதல் இரண்டு சுற்றிலும் டேக்கிள் எடுத்தாயிற்று, செட்ரிக் ஓக்புவேஹியும் ஜேக் ஃபிஷரும் பார்த்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலிக்கவில்லை. விட்வொர்த் 40 வயதில் மோதிரம் வாங்கினார், நமக்கு எதிராக.

2022-இல் நீங்கள் பாடம் படித்தீர்கள், அதையும் சொல்ல வேண்டும். அலெக்ஸ் காப்பா, டெட் காரஸ், லயெல் காலின்ஸ் என்று மூன்று லைன்மேன்களை ஒரே மாதத்தில் கொண்டுவந்தீர்கள். தொடங்கும் ஐவர் சரியானார்கள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் பற்றி யோசிக்கவில்லை. சீசன் முடியும் நேரத்தில் காலின்ஸுக்கு முழங்கால், காப்பாவுக்குக் கணுக்கால், பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் ஜோனா வில்லியம்ஸுக்கு முழங்கால் சில்லு. பஃபலோவில் பனி கொட்ட, மூன்று மாற்று ஆட்களை வைத்தே 27-10 என்று ஜெயித்தோம். அன்று ஜாக்சன் கார்மன், ஹக்கீம் அடெனிஜி, மேக்ஸ் ஷார்பிங் ஆடியதைப் பார்த்துப் பெருமையில் கத்தினேன். அடுத்த வாரம் 2023 ஜனவரி 29, கான்சஸ் சிட்டி. ஐந்து சாக். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது எதிரணியின் கிறிஸ் ஜோன்ஸ் பர்ரோவை வீழ்த்த, பந்தை அவர்களுக்கே உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. 23-20 என்று தோற்றோம். கடைசியில், கோட்டுக்கு வெளியே போய்விட்ட எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தித் தள்ளியதற்கு வந்த பெனால்டியை வைத்து ஊரெல்லாம் ஜோசப் ஒசாய் என்ற இளைஞரைத் திட்டித் தீர்த்தது. என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. பந்து நம் கையில் இருந்திருந்தால் அவர் ஓட வேண்டிய தேவையே வந்திருக்காது.

அதே நாளில் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு காட்சி. சான் ஃபிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டிக்கு முழங்கையில் அடி, மாற்றாக வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி, பந்து வீச முடியாத பர்டியே திரும்ப வந்து பந்தைக் கையில் கொடுத்துக்கொண்டே 31-7 என்று தோற்றார்கள். ஒரு மைதானத்தில் குவார்ட்டர்பேக் தீர்ந்துபோனார்கள், இன்னொன்றில் லைன்மேன்கள் தீர்ந்துபோனார்கள். முதலாவதற்காக லீக் அந்த மே மாதமே அவசர மூன்றாவது குவார்ட்டர்பேக் என்று விதியை மாற்றியது. இரண்டாவதற்கு எந்த விதியும் வராது. அதை நிர்வாகம்தான் செய்ய வேண்டும்.

முடியும் என்பதற்கு அதே ஃபிலடெல்ஃபியாதான் சாட்சி. 2017-இல் இடது டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸ் அக்டோபரில் போனார், குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் டிசம்பரில் போனார். ஹலாபூலிவாட்டி வைட்டாய் அந்த டேக்கிளில் நின்றார், நிக் ஃபோல்ஸ் பந்து வீசினார், 2018 பிப்ரவரி 4 அன்று நியூ இங்கிலாந்தை 41-33 என்று ஜெயித்தார்கள். ஃபோல்ஸுக்கு இரண்டு வருடத்துக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். அது வென்ட்ஸுக்குக் காயம் வருவதற்கு பல மாதம் முன்பே போட்ட கையெழுத்து.

நீங்கள் பணம் செலவு செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. பர்ரோவுக்கு 27 கோடியே 50 லட்சம், அவர் வீசும் பந்தைப் பிடிக்கும் ஜமார் சேஸுக்கு 16 கோடியே 10 லட்சம், டீ ஹிகின்ஸுக்கு 11 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டவர்கள் நீங்கள். மூன்றும் சரியான முடிவு. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் எல்லோர் கண்ணும் மேலே சாமி மீது இருக்கும். கீழே சக்கரத்தருகில் குனிந்து முட்டுக்கட்டை போடுபவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். ஒவ்வொருவர் பின்னாலும் இன்னொருவர் கட்டையோடு தயாராக நிற்பார். கை சோர்ந்தபின் ஆள் தேட அங்கே நேரம் இருக்காது.

ஆகவே சில வேண்டுகோள்கள். இரண்டாவது குவார்ட்டர்பேக் யார் என்பதை மார்ச்சிலேயே, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களுக்கான சந்தை திறந்த முதல் வாரத்தில் முடிவு செய்யுங்கள். நிஜ ஆட்டங்களைத் தொடங்கிய அனுபவம் இருக்க வேண்டும், அதற்கான விலையும் கொடுக்க வேண்டும். அதோடு அவருக்குப் பயிற்சியும் கொடுங்கள். வாரம் முழுவதும் லைனின் முதல் ஐவரோடு பந்து வாங்குவது பர்ரோ மட்டும். பேக்கப், எதிரணி போல நடித்துக் காட்டும் குழுவோடு நின்றுகொண்டிருக்கிறார். பர்ரோவின் குரலுக்குப் பழகிய சென்டருக்கு அவருடைய குரல் ஏற்ற இறக்கமே புதிது. ஆகஸ்டில் மூன்று முன்பருவ ஆட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றிலாவது முதல் ஐவரோடு அவரை ஒரு முழுக் கால் பகுதி ஆட விடுங்கள். சீசனில் வாரத்துக்கு ஒரு நாள் ஐந்தாறு ஸ்நாப் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்குவது) போதும்.

லைனுக்கு வருகிறேன். ஆட்டக்காரர் சங்கத்தோடு லீக் போட்ட இப்போதைய ஒப்பந்த விதிப்படி சீசன் முழுக்க முழு உடுப்போடு பயிற்சி 14 நாள்தான். லைன்மேன் ஒருவர் புத்தகம் படித்துத் தேற முடியாது, உடம்போடு உடம்பு மோதித்தான் தேற வேண்டும். எதிரணியின் இருவர் குறுக்கே மாறி ஓடி வரும்போது, கார்டும் டேக்கிளும் ஒரே நொடியில் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவனோடு பல நூறு முறை செய்திருந்தால்தான் அது வரும். இடது டேக்கிளில் நிற்பவரை வலது பக்கம் போடுவதும் எளிதில்லை. கால் வைப்பு, கை நீட்டுவது எல்லாம் தலைகீழ். அதனால் ஆர்லாண்டோ பிரவுனுக்கும் அமேரியஸ் மிம்ஸுக்கும் பின்னால், இரு பக்கமும் ஆடக்கூடிய ஒரு உண்மையான டேக்கிளை வைத்திருங்கள், முகாமின் முதல் நாளிலிருந்தே இரு பக்கமும் ஆட வையுங்கள். சென்டருக்கு மாற்றாக, ஷாட்கன் ஸ்நாப் (சில அடி பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை எறிவது) தவறாமல் போடும் ஒருவரும் வேண்டும். அணியின் 53 பேரில் பத்து லைன்மேன்கள் என்றால் வேறு எங்கோ ஒருவர் குறைவார். குறையட்டும். எட்டு லைன்மேன்களுக்கு உடுப்பு மாட்டினால் ஆட்ட நாளில் 48 பேர் வரை இறக்கலாம் என்று லீக்கே சலுகை கொடுத்திருக்கிறது. அந்த எட்டாவது ஆள் பெயருக்கு நிற்பவராக இருக்கக் கூடாது.

டால்டன் ரிஸ்னரை 2025 ஆகஸ்ட் கடைசியில் எடுத்தீர்கள். அவர் நிலைத்து நின்ற பிறகுதான் லைனே ஒரு உருவத்துக்கு வந்தது. நல்ல ஆள், தாமதமான தேதி. அவ்வளவுதான் என் குறை.

ஆகஸ்ட் கடைசியில் 53 பேர் பட்டியல் வெளிவரும். நானும் மகளும் அதில் முதலில் தேடப்போவது குவார்ட்டர்பேக் வரிசையில் இரண்டாவது பெயரையும், லைன் வரிசையில் ஆறிலிருந்து பத்து வரையிலான பெயர்களையும்தான்.

அன்புடன்,
சின்சினாட்டிக்கு வடக்கே மேசனில் வசிக்கும் ஒரு ரசிகன்