திருவையாற்று ஆராதனை ஒருநாள் சுற்றுலாத் திட்டம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
மூவருக்கு முன்பதிவு செய்த வாடிக்கையாளர், சென்னை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவு நாளான ஆராதனை நாளன்று தஞ்சாவூர், திருவையாறு சுற்றிக் காட்டுவதாகப் பணம் பெற்றுக்கொண்டு, சொன்னபடி எதையும் செய்யாதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். மின்னஞ்சல் அனுப்பினேன். கிளை அலுவலகத்துக்கு நேரிலும் அலைந்தேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்களே தவிர, நடந்தது என்ன என்று முழுதாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அதனால் எழுத்தில் தருகிறேன். திட்டத்தில் என்னென்ன அடக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். வவுச்சரும் ரசீதும் உங்கள் கணினியில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கிளை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஊழியரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மதிய வெயிலில் இரண்டு பஸ் மாறி அங்கே போனேன். உட்காரச் சொல்லவில்லை. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லுங்கள்" என்றார். எழுபத்தெட்டு வயதான என் தாயார் பஞ்சரத்தினக் கோஷ்டியில், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில், உட்கார்ந்து பாட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டினோம், அங்கே போய்ச் சேரும்போது கோஷ்டி கானம் முடியும் தறுவாயில் இருந்தது என்று விளக்கினேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறதே, பாட்டிக்கு வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள்." பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். புகார்ப் பதிவேடு கேட்டேன். மேலாளரிடம் இருக்கிறது என்றார்கள். மேலாளர் எங்கே என்றேன். வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான் என் காதில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். என் தாயார் பதினொரு வயதில் பாட்டு கற்கத் தொடங்கியவர். திருமணத்துக்குப் பின் கச்சேரி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அடுப்படியில் நின்றபடியே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகக் கீர்த்தனைகளையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் புஷ்ய பகுள பஞ்சமியன்று வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து கூடவே பாடுவார். தியாகராஜர் 1847ஆம் ஆண்டு சித்தியடைந்த அந்தத் திதியில், காவிரிக் கரையில் அவருடைய சமாதிக்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பாடிவிட வேண்டும் என்பது அவருக்கு வாழ்நாள் ஆசை. மூட்டு வலி, நீரிழிவு எல்லாம் இருந்தும், இந்த ஆண்டு போகலாம் என்று துணிந்தது உங்கள் விளம்பரத்தை நம்பித்தான். "முதியோருக்கு ஏற்ற வேகம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

காலையில் தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஆறுகூட ஆகவில்லை. ஆராதனை நாளில் கோஷ்டி கானம் சுமார் ஒன்பது மணிக்குத் தொடங்கிவிடும். திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். குளித்து, இட்லி சாப்பிட்டு, ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால், தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து சமாதி வரை, பாடிக்கொண்டே பிச்சை ஏற்றபடி வரும் உஞ்சவிருத்தி பஜனையையும் பார்த்துவிட்டுப் பந்தலில் இடம் பிடித்திருக்கலாம். உஞ்சவிருத்தியும் உங்கள் பட்டியலில் அச்சாகியிருக்கிறது. ஆனால் வேன் விடுதி வாசலுக்கு வந்ததே எட்டு மணிக்கு. அதன் பிறகு வேறொரு விடுதியிலிருந்து இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார் வழிகாட்டி. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாதது அடுத்து நடந்தது. நேரே திருவையாற்றுச் சாலையைப் பிடிக்க வேண்டிய வேன், தலையாட்டி பொம்மையும் தஞ்சாவூர் ஓவியமும் விற்கும் ஒரு கடையின் முன்னால் நின்றது. எங்களுக்காகவே அன்று சீக்கிரம் திறந்து வைத்திருந்தார்கள். "பத்து நிமிடம், சும்மா பாருங்கள்" என்று வழிகாட்டி எங்களை உள்ளே அனுப்பிவிட்டுக் கல்லாப் பக்கம் போய்விட்டார். என் சித்தி கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டும் அவர் அசையவில்லை. அந்த மற்றக் குடும்பம் ஒரு ஓவியம் வாங்கிப் பெட்டியில் கட்டி முடிக்கும் வரை நாங்கள் வேனில் காத்திருந்தோம். ஆராதனை நாளில், கோஷ்டி தொடங்கப் போகும் நேரத்தில், கடை வாசலில்! இந்தக் கடை உங்கள் திட்டத்தில் எங்கே இருக்கிறது? நிறுத்தச் சொன்னது யார்? இந்தக் கேள்விகளுக்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

திருவையாற்றில் அன்று கூட்டம் இருக்கும், வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதை ஆண்டுதோறும் ஆட்களை அழைத்துப் போகும் நிறுவனம் அறியாதா? அங்கிருந்து நடந்தோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று வந்தார். ஒலிபெருக்கியில் வராளி கேட்டது. "வேகமாகப் போகலாம், வேகமாகப் போகலாம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பந்தலை நெருங்கும்போது ஸ்ரீராகத்துக்கு வந்துவிட்டார்கள். உள்ளே நுழைய இடமில்லை. மூங்கில் தடுப்பைப் பிடித்தபடி நின்று, கடைசிச் சரணங்களை மட்டும் உதட்டளவில் பாடினார். சற்று நேரத்தில் கற்பூர ஆரத்தி காட்டிவிட்டார்கள்.

அடுத்தது "முன்வரிசை அனுமதி". ஆளுக்கு 1,500 ரூபாய் வீதம் 4,500 ரூபாய் தனியாக வாங்கினீர்களே, அந்த நீல நிறச் சீட்டு. பந்தலில் நின்ற தொண்டர் ஒருவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இங்கே கட்டணமே கிடையாது. முன்னால் வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிச்சை எடுத்து வாழ்ந்து, அரசவை அழைத்தபோதும் போக மறுத்த ஒரு மகானின் சன்னிதியில் உட்கார, நீங்கள் யார் பணம் வாங்க? இது சேவைக் குறைபாடு மட்டும் அல்ல, மோசடி. இந்த ஒரு சீட்டே உங்களை நீதிமன்றத்தில் நிறுத்தப் போதும் என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆயினும் பேசித் தீர்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வழிகாட்டியின் அறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமாதிக்கு எதிரே, அதை நோக்கிக் கைகூப்பியபடி பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை இருக்கிறது. பாழடைந்து கிடந்த சமாதியைத் தன் நகைகளை விற்றுக் கோயிலாக எழுப்பியவர் அவர். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் விடாமல் போராடி அந்த உரிமையைப் பெற்றுத் தந்தவர். என் தாயாரைப் போன்றவர்கள் இன்று அங்கே உட்கார்ந்து பாடலாம் என்பதே அவரால்தான். அந்தச் சிலையைக் காட்டி, "இது தியாகராஜரின் மனைவி" என்றார் உங்கள் வழிகாட்டி. அம்மா திருத்தினார். "ஏதோ ஒன்று, கும்பிட்டுக்கொள்ளுங்கள் பாட்டி, நேரமாகிறது" என்றார் அவர். இசைப் பயணம் என்று விற்கிறீர்கள்; இதைக்கூடச் சொல்லிக் கொடுக்காமலா ஆளை அனுப்புவீர்கள்?

ஐயாறப்பர் கோயில் பட்டியலில் இருந்தது, போகவில்லை. ஊரின் பெயர் பெற்ற அசோகா அல்வாவைக் கடையில் நின்று சுடச்சுடச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று போட்டிருந்தீர்கள், அதுவும் இல்லை.

பெரிய கோயிலுக்கு எங்களை எத்தனை மணிக்கு அழைத்துப் போனீர்கள் என்று உங்கள் பதிவேட்டைப் பாருங்கள். பிற்பகல் ஒன்றேகால். நடை 12.30 மணிக்குச் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது தஞ்சாவூர் ரயில் நிலைய வாசலில் நிற்கும் எந்த ஆட்டோ ஓட்டுநரைக் கேட்டாலும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் அந்தக் கல்தளத்தில் கால் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? தை மாதமாக இருந்தால் என்ன, அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். நீரிழிவு இருப்பவர்களுக்குப் பாதத்தில் கொப்புளம் வந்தால் எளிதில் ஆறாது. அம்மாவை நந்தி மண்டப நிழலில் உட்கார வைத்துவிட்டோம். 1010ஆம் ஆண்டு ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயிலை, 216 அடி விமானத்தை, அவர் அந்த மண்டபத்துத் தூண்களின் இடுக்கு வழியாகப் பார்த்ததோடு சரி. மூலவர் பெருவுடையாரைப் பார்க்கவில்லை. அவருடைய வலது பாதத்தில் வந்த கொப்புளத்துக்கு மருத்துவரிடம் கட்டுப் போட்ட ரசீதை இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மராத்திய அரண்மனை விருந்து. உங்கள் விளம்பரப் படத்தில் தலைவாழை இலை, பதினெட்டு வகைப் பதார்த்தம், வெள்ளிக் கிண்ணம். எங்களை இறக்கிவிட்டது புறவழிச்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில். இலைச் சாப்பாடு தீர்ந்துவிட்டதாம். எவர்சில்வர் தட்டில் வட்டமாக வெட்டிய இலைத் துண்டின் மேல் ஆறிப்போன சாதம், தண்ணீராக ஒரு சாம்பார், ஊறுகாய். சாம்பார் தஞ்சை மராத்தியர் அரண்மனையில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தச் சாம்பாரை வைத்துக்கொண்டு அந்தப் பெயரை எப்படித்தான் எடுக்கிறீர்களோ! சாப்பிட்டு முடித்து வவுச்சரைக் கொடுத்தால், கல்லாவில் இருந்தவர் நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் வரிசையாகப் பாக்கி. "பழைய கணக்கைத் தீர்த்தால்தான் வவுச்சர் எடுப்போம், நீங்கள் ரொக்கம் கொடுத்துவிடுங்கள்" என்றார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, பத்துப் பேர் பார்க்க, கடன்காரர்களைப் போல நின்று பணத்தை எண்ணிக் கொடுத்தோம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு அவமானம் நேர்ந்தது கிடையாது.

அங்கிருந்து நான்கு மணிக்குக் கோயிலுக்குத் திரும்பியிருக்கலாம். கெஞ்சிக் கேட்டேன். வழிகாட்டி தன் தாளை எடுத்துக் காட்டினார்: பெரிய கோயிலுக்கு நேராக ஏற்கெனவே ஒரு 'டிக்' போட்டிருந்தது. "அது முடிந்துவிட்டது" என்றார். அரண்மனையிலும் கலைக்கூடத்திலும் ஓட்டமாய் ஓட வைத்தார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் ஒரு நடராஜர் முன்னால் நிற்கக்கூட விடவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்துக்கு நேரமில்லை என்றார்கள். மாலை ஐந்தரைக்கே ரயில் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "திருப்தி" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. எங்கள் ரயிலோ இரவில். அத்தனை மணி நேரமும் நடைமேடைப் பெஞ்சில், கட்டுப் போடாத காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அம்மா. கோயில் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அதற்குமேல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

இந்த நாளை ஒழுங்காக அமைப்பது கடினமே அல்ல. விடிந்ததும் திருவையாறு, கோஷ்டி முடிந்ததும் அங்கேயே ஐயாறப்பர் தரிசனம், ஊருக்குத் திரும்பி நல்ல சாப்பாடு, வெயில் நேரத்தில் அரண்மனையும் கலைக்கூடமும், அங்கே நிழல் உண்டு, நான்கு மணிக்கு மேல், சாயும் வெயில் விமானத்தின் மேல் விழும்போது பெரிய கோயில், இரவு ரயில். ஊரைத் தெரிந்த யாரும் இப்படித்தான் போவார்கள். நீங்கள் தலைகீழாகப் போட்டுவிட்டு, கேட்டால் எங்களைக் குற்றம் சொல்கிறீர்கள். தொலைபேசியில் பேசிய பெண், "நிகழ்ச்சி நேரம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை மேடம்" என்றார். பொம்மைக் கடையில் நின்றதுமா உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை?

கடைசியாக வந்த மின்னஞ்சலில், அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த பயணமா? என் தாயாரின் உடல்நிலைக்கு இனி ஒரு திருவையாறு கிடையாது. ஒரு வாழ்நாள் ஆசையை நீங்கள் ஒரே காலையில் அழித்துவிட்டீர்கள். இதற்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

இருந்தாலும், உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். வேன் ஓட்டுநர் ஒருவர்தான் அன்று அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். அவர் மீது எந்தப் புகாரும் இல்லை. இந்தக் கடிதத்தால் அவருக்கு ஒரு சங்கடமும் வரக் கூடாது.

நான் கேட்பது இவை: திட்டத்துக்காகச் செலுத்திய 20,400 ரூபாயும், சீட்டுக்கு வாங்கிய 4,500 ரூபாயும் முழுமையாகத் திரும்ப வேண்டும். உணவகத்தில் கொடுத்த பணமும் மருத்துவச் செலவும் தனி. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, யூடியூபில் போட்டுக் காட்டச் சொன்ன ஊழியர் என் தாயாருக்குத் தம் கையெழுத்திட்டு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். பணத்தில் பேரம் பேசலாம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பில் பேரம் இல்லை.

பதினைந்து நாள் அவகாசம் தருகிறேன். அதற்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. நீலச் சீட்டின் நகலைச் சுற்றுலாத் துறைக்கும், ஆராதனையை நடத்தும் சபையாருக்கும் அனுப்புவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: கட்டண ரசீது, முன்வரிசை அனுமதிச் சீட்டு மூன்றின் நகல், அச்சிட்ட பயணப் பட்டியல், உணவக ரசீது, மருத்துவ ரசீது.